டிராமிசு ஐஸ் காபி செய்தேன், மாமியார் "டம்ளர் கழுவின தண்ணியா?" என்கிறார். எங்கே தப்பு?

மெரினா காற்று
சனி, இரவு 9:52

எல்லோருக்கும் வணக்கம். இன்று நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். சென்னை வெயில் மண்டையைப் பிளக்கிறதே, சூடாக பில்டர் காபி போடுவதற்குப் பதிலாக புதிதாக ஏதாவது செய்வோம் என்று டிராமிசு ஐஸ் காபியில் இறங்கினேன். டிராமிசு என்பது காபியில் நனைத்த பிஸ்கட்டும் மஸ்கார்போனே என்ற மிருதுவான கிரீம் சீஸும் அடுக்கி, மேலே கோக்கோ தூவும் இத்தாலிய இனிப்பு. அந்தக் கேக்கின் ருசி டம்ளருக்குள் வரவேண்டும், அவ்வளவுதான் ஆசை.

செய்தது இது: டிகாஷன் இறங்கியதும் சூடாகவே ஐஸ் நிறைந்த கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். மேலே ஆறிய பால், இரண்டு ஸ்பூன் சர்க்கரை. மஸ்கார்போனே சீஸ் விலையைப் பார்த்துவிட்டு, வீட்டில் இருந்த பாக்கெட் ஃபிரெஷ் கிரீமையே இருபது நிமிடம் கையால் அடித்தேன். கை வலித்ததுதான் மிச்சம், கிரீம் கெட்டியாகவில்லை. அப்படியே ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் கோக்கோ தூளைக் கொட்டினேன்.

சர்க்கரை அடியில் மணலாக உட்கார்ந்தது. கிரீம் நூல் நூலாக உள்ளே இறங்கியது. நாத்தனார் பையன் முதல் வாய் உறிஞ்சியபோதே கோக்கோ தொண்டையில் ஏறி இருமினான். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, தலைப்பில் இருப்பதைக் கேட்டார்.

அடுத்த ஞாயிறு மறுபடி வருகிறார்கள். எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. மானத்தைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்.


டபரா செட்
சனி, இரவு 10:05

கும்பகோணத்துக்காரன் என்ற முறையில் ஒரே ஒரு கேள்வி. காபி மேல் கேக் எதற்கு?


ராத்திரி ஷிப்ட்
சனி, இரவு 11:48

பில்டரெல்லாம் வேண்டாம் அக்கா. 2020 ஊரடங்கில் எல்லோரும் அடித்தோமே டால்கோனா, அதையே போடுங்கள். இன்ஸ்டன்ட் தூள், சர்க்கரை, சுடுதண்ணீர் மூன்றும் சம அளவு. அடித்தால் நுரை குன்று மாதிரி நிற்கும். குளிர்ந்த பால் மேல் வைத்தால் வேலை முடிந்தது.


பழைய வாத்தியார்
ஞாயிறு, காலை 6:20

முப்பது வருடம் இயற்பியல் எடுத்தவன். காபியைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இருக்கிறதோ இல்லையோ, ஐஸைப் பற்றிப் பேச இருக்கிறது.

//டிகாஷன் இறங்கியதும் சூடாகவே ஐஸ் நிறைந்த டம்ளரில் ஊற்றினேன்//

உங்கள் மாமியாரின் கேள்விக்கு விடை இந்த வரியில்தான். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். 100 கிராம் டிகாஷன் 80 டிகிரி சூட்டில் இருந்தால், அது பூஜ்ஜியத்துக்கு இறங்குவதற்குள் 8000 கலோரியை விடும். அது 100 கிராம் ஐஸை முழுசாக உருக்கப் போதும். அதாவது ஒரு பங்கு டிகாஷனுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்துவிட்டீர்கள், உங்களுக்கே தெரியாமல். அதற்கு மேல் பால் வேறு.

அதே டிகாஷனை மேடையில் ஆறவிட்டு 30 டிகிரியில் ஊற்றினால் 37 கிராம் ஐஸ் உருகும். பிரிட்ஜில் வைத்து 5 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊற்றினால் 6 கிராம்தான். ஃப்ரீசர் ஐஸ் பூஜ்ஜியத்துக்கும் கீழே இருக்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் குறையும், அதை விடுங்கள். கணக்கு புரிந்தால் போதும்.

சர்க்கரையும் இதே கதைதான். சூடான டிகாஷனில் போட்டுக் கரைத்துவிட்டு அப்புறம் ஆறவையுங்கள். குளிர்ந்த பாலில் ஸ்பூன் தேயுமே தவிர சர்க்கரை சீக்கிரம் கரையாது.


கேக் கடைக்காரி
ஞாயிறு, காலை 11:15

கோவையில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறேன். கிரீம் விஷயத்துக்கு வருகிறேன்.

//இருபது நிமிடம் கையால் அடித்தேன்//

பாவம் உங்கள் கை! இருபது நிமிடம் இல்லை, இரண்டு மணி நேரம் அடித்தாலும் அது நிற்காது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், கொழுப்பு 25 சதவீதம் என்று போட்டிருக்கும். அடித்தால் நிற்க வேண்டுமானால் குறைந்தது 30 வேண்டும், 35 இருந்தால் நிம்மதி. விப்பிங் கிரீம் என்று தனியாக வாங்குங்கள். அதிலும் பால் கிரீமா, தாவர எண்ணெயில் செய்ததா என்று பாருங்கள். எண்ணெயில் செய்தது நன்றாக நிற்கும், ஆனால் குளிர்ந்த காபியோடு சேர்ந்தால் மேல் அண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி ஒட்டும். டிராமிசுவுக்கு அது ஆகவே ஆகாது.

அப்புறம் மஸ்கார்போனே. அந்த 25 சதவீதப் பாக்கெட் இருக்கிறதே, அதை வீணாக்காதீர்கள், அதிலேயே வீட்டில் செய்யலாம். 200 மில்லி கிரீமைக் கனமான பாத்திரத்தில் சிறுதீயில் வையுங்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வரும்போது, கொதிக்க விடாமல், ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கிளறுங்கள். பனீர் மாதிரி திரிதிரியாகப் பிரியாது, பயப்பட வேண்டாம். பாயசம் ஆறும்போது கரண்டியின் பின்பக்கம் படியுமே, அந்தப் பதம் வரும். ஆறவிட்டு, துணி விரித்த வடிகட்டியில் ஊற்றி, மூடி, ஒரு ராத்திரி பிரிட்ஜில் வையுங்கள். காலையில் துணியில் இருப்பதுதான் சரக்கு. இத்தாலியிலிருந்து வரும் டப்பா அளவுக்குக் கெட்டியாக இருக்காது, ஆனால் டம்ளர் மேல் ஊற்றத்தானே போகிறோம், அது போதும்.

ராத்திரி ஷிப்ட் தம்பிக்கு: டால்கோனா நுரை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் பில்டர் டிகாஷனில் அது வராது. இன்ஸ்டன்ட் தூளை மூன்று ஸ்பூன் தண்ணீரில் கரைக்கும்போது கிடைக்கும் அடர்த்தி டிகாஷனுக்கு எங்கே இருக்கிறது? இந்த அக்கா கேட்டது டிராமிசு, அதன் உயிர் சீஸும் கோக்கோவும்.


ராத்திரி ஷிப்ட்
ஞாயிறு, பகல் 12:02

சரி சரி, நான் என் டால்கோனாவோடு ஒதுங்கிக்கொள்கிறேன்.


மெரினா காற்று
ஞாயிறு, மாலை 5:30

வாத்தியார் ஐயா, டம்ளரில் பாதி தண்ணீர் என்று வீட்டில் சொன்னேன். மாமியார் "நான் சொன்னது சரிதானே" என்கிறார்.

கேக் கடைக்காரிக்கு இரண்டு சந்தேகம். டிராமிசுவில் முட்டை மஞ்சள் கரு போடுவார்களே, அது இல்லாமல் அந்த மஞ்சள் நிறமும் வழுவழுப்பும் எப்படி வரும்? கிரீம் ஏன் உள்ளே இறங்கியது?


கேக் கடைக்காரி
ஞாயிறு, இரவு 8:44

முட்டைக்குப் பதில் கஸ்டர்ட் பவுடர். பெயரைப் பார்த்து முட்டை இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது பிறந்ததே முட்டை ஆகாதவருக்காகத்தான். 1837-இல் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர், மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாததால் சோள மாவில் செய்தார். உங்கள் வீட்டுக்கென்றே செய்தது போல் இல்லை? ஒரு டீஸ்பூன் பவுடரை நூறு மில்லி பாலில் கரைத்துக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து, மஸ்கார்போனேயோடு கலந்து அடியுங்கள். இனிப்புக்கு மில்க்மெய்டு இரண்டு ஸ்பூன். கொஞ்சம் விப்பிங் கிரீம் இருந்தால் தனியாக அடித்துக் கடைசியில் சேர்க்கலாம்.

மிதப்பதற்கு இரண்டு காரணம் வேண்டும். ஒன்று, பதம். தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக, கரண்டியிலிருந்து பட்டையாக விழவேண்டும். பூப்பூவாக நிற்கும் அளவுக்கு அடித்துவிட்டால் கேக் மேல் வைக்கத்தான் லாயக்கு, குடிக்கும்போது காபி தனியாகவும் கிரீம் தனியாகவும் வரும். இரண்டாவது, கீழே இருக்கும் காபியில் இனிப்பு கரைந்திருக்க வேண்டும். இனிப்பு கரைந்த காபி கனமாக இருக்கும், கிரீம் மேலேயே நிற்கும். உங்கள் சர்க்கரை அடியில் மணலாகக் கிடந்ததால் மேலே இருந்தது வெறும் நீர்த்த காபி. ஊற்றும்போது ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் ஊற்றுங்கள்.

கோக்கோவைக் கொட்டவே கூடாது. டீ வடிகட்டியில் அரை ஸ்பூன் போட்டு, டம்ளருக்கு ஒரு ஜாண் மேலே பிடித்து விரலால் தட்டுங்கள். கிரீம் மேல் மெல்லிய புழுதி படிந்தால் போதும். சர்க்கரை கலந்த டிரிங்கிங் சாக்லேட் வேண்டாம். கசப்புக்காகத்தான் கோக்கோ அங்கே இருக்கிறது. பரிமாறும் நேரத்தில் தூவுங்கள், அப்போதுதான் உலர்ந்து தெரியும். பிள்ளைகளுக்கு மட்டும் பத்து நிமிடம் முன்னாலேயே தூவிவிடுங்கள், கிரீமில் ஊறிவிட்டால் தொண்டையில் ஏறாது.


பலெர்மோவாசி
திங்கள், அதிகாலை 2:10

இழையை இப்பதான் கண்டேன். நான் பிறந்தது யாழ்ப்பாணம், இருக்கிறது இத்தாலியின் சிசிலித் தீவிலே பலெர்மோவில். இங்கே எங்கட சனம் கனபேர் இருக்கினம். கோப்பி விஷயத்தில் ரெண்டு பக்கமும் நியாயம் தெரிந்தவன் என்று சொல்லலாம்.

முதலில் டிராமிசு. அதை ஏதோ நூறு வருசத்துப் பழைய பலகாரம் என்று நினையாதையுங்கோ. வெனிசுக்குப் பக்கத்தில் இருக்கிற திரெவீசோ நகரத்தில் 'லே பெக்கெரியே' என்ற உணவகத்தின் பட்டியலில் 1972-இல் அது வந்தது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை. பக்கத்து மாகாணமான ஃபிரியூலிக்காரர் அது எங்கட என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கினம். பெயருக்குப் பொருள் 'என்னைத் தூக்கி விடு'. திரெவீசோச் செய்முறையில் மது இல்லை. மார்சாலா, ரம் எல்லாம் பிறகு வந்து ஒட்டினது. ஆகவே மது விடவில்லையே என்று ஒருத்தரும் வருத்தப்படத் தேவையில்லை.

இரண்டாவது, ஐஸ் போடாமலே குளிர்ந்த இனிப்புக் கோப்பி செய்ய இங்கே ஒரு வழி இருக்கு: கிரனீத்தா. சிசிலியில், அதிலும் மெஸ்ஸீனாப் பக்கம், கோடைக்காலத்தில் சனத்துக்கு அதுதான் காலைச் சாப்பாடு. ஒரு கண்ணாடிக் கிளாசில் உறைந்த கோப்பி, மேலே அடித்த கிரீம், பக்கத்தில் ஒரு பிரியோஷ் பணிஸ். அந்தப் பணிசுக்குத் தலையில் ஒரு சின்ன உருண்டை இருக்கும், அதைக் கொண்டை என்றுதான் அவையின்ர பாஷையிலும் சொல்லுவினம். முதலில் கொண்டையைப் பிய்த்துக் கிரீமில் தோய்த்துச் சாப்பிட வேண்டும், அது ஒரு எழுதாத சட்டம்.

வீட்டில் செய்ய மெஷின் வேண்டாம். 250 மில்லி கடுங்கோப்பியில் சூட்டோடு 60 கிராம் சீனி கரைத்து, ஆறினபிறகு அகலமான தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கோ. அரை மணிக்கு ஒருதரம் எடுத்து முள்ளுக்கரண்டியால் சுரண்டி விடுங்கோ. மூன்று மணி நேரத்தில் ஈரமான பனித்தூள் போல் வரும். சீனியைக் குறைத்தால் கல்லாக உறையும், கூட்டினால் உறையாது.

மூன்றாவது, எங்கட ஊர் ஐஸ் கோப்பி. கலியாண வீடு, பிறந்தநாள் எல்லாத்திலும் இருக்கும். முதல்நாளே கடுங்கோப்பி போட்டு, ரின்பாலும் (டின்னில் வாற இனிப்புக் கட்டிப்பால்) பசும்பாலும் வனிலாவும் கலந்து, போத்தலில் அடைத்துக் குளிரில் வைப்பம். பெரியவர்களுக்கென்று ஒரு போத்தலில் கொஞ்சம் பிராந்தி போகும், அதைப்பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை. பரிமாறும்போது ஐஸே போட மாட்டம். முழுசாகக் குளிர்ந்தாச்சு, பிறகு ஏன் ஐஸ்? சென்னை அக்கா, அடிக்கோப்பியை இந்த மாதிரி முதல்நாளே செய்துபோட்டு மேலே டிராமிசுக் கிரீமை விட்டால் வாத்தியாரின் கணக்கே தேவைப்படாது. ஒரு ராத்திரி இருந்த கோப்பிக்கு ருசியும் கூட.


பழைய வாத்தியார்
திங்கள், காலை 6:02

என் கணக்கு தேவைப்படாது என்று பலெர்மோக்காரர் சொன்னதை மனதார ஏற்கிறேன். அது கணக்கின் வெற்றிதான்.


டபரா செட்
திங்கள், காலை 7:35

கேலி செய்துவிட்டு ஓடிவிட்டான் என்று யாரும் நினைக்கவேண்டாம். கிரீமைப் பற்றி இத்தனை பேர் பேசியாயிற்று, டிகாஷனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே, அதற்காக வந்தேன். மேலே என்ன வைத்தாலும் அடியில் காபி இளைத்திருந்தால் அது பால்கோவா கரைத்த தண்ணீர்தான்.

சூடான காபிக்குப் போடும் டிகாஷன் இதற்குப் போதாது. நாக்கு குளிர்ந்துவிட்டால் இனிப்பும் குறைவாகத் தெரியும், மணமும் மேலே எழாது. அதனால் 30 கிராம் தூளுக்கு 150 மில்லி தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. தூள் 60 மில்லியைக் குடித்துக்கொண்டு 90 மில்லி கொடுக்கும். மேல் தட்டை லேசாக அழுத்துங்கள், இறுக்கினால் இறங்காது. தண்ணீர் கொதித்து அடங்கியதும், நடுவில் கொட்டாமல் சுற்றிலும் ஊற்றவேண்டும். பிறகு பில்டரைத் தட்டக்கூடாது, மூடியைத் திறந்து திறந்து பார்க்கக்கூடாது.

அடுத்தது சிக்கரி. சுத்தக் காபிக் கட்சிக்காரர்கள் என்னை அடிக்க வரலாம். சூடாகக் குடிக்க நான் காபி 80, சிக்கரி 20 ஆள்தான், ஆனால் பாலும் கிரீமும் சேரும் ஐஸ் காபிக்கு 70-30 வாங்குவேன். சிக்கரியில் காஃபின் கிடையாது, கொடுப்பது கருமையும் கனமும் லேசான கருகிய வெல்ல வாசனையும். டிராமிசு மாதிரி இனிப்புக்கு அந்த வாசனை இடிக்காது. இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஐஸ் காபியும் சிக்கரி கலந்ததுதான். பாக்கெட்டில் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று, இது என் அம்மாவின் சிக்கனத்திலிருந்து வந்தது. இரண்டாம் டிகாஷன் என்று ஒன்று இறங்குமே, விருந்தாளிக்குக் கொடுக்கமாட்டோம், கொட்டவும் மனசு வராது. அதை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவையுங்கள். சிலருக்கு ஐஸ் கட்டி டம்ளரில் டங்கென்று இடித்தால்தான் திருப்தி. அவர்களுக்கு இதைப் போடுங்கள். உருகினாலும் காபியாகவே உருகும்.


ராத்திரி ஷிப்ட்
திங்கள், காலை 7:41

இரண்டாம் டிகாஷன் ஐஸ்!!! இதுவரை ஹாஸ்டலில் எனக்குக் கொடுத்ததெல்லாம் அதுதான் என்று இப்போது புரிகிறது.


காயல் வீட்டுப் பிள்ளை
செவ்வாய், இரவு 10:20

டிராமிசுவில் காபியில் நனைத்த பிஸ்கட் அடுக்கு உண்டே, அதை ஏன் எல்லோரும் மறந்துவிட்டீர்கள்? டம்ளரில் பிஸ்கட் போட்டால் கூழாகிவிடும் என்பது உண்மைதான். மாரி பிஸ்கட்டில் செய்து பார்த்து அனுபவித்துவிட்டேன், ஸ்பூனால் வழித்துச் சாப்பிட்டோம். பேக்கரி ரஸ்க்கை ஒன்றிரண்டாக உடைத்துக் கிரீமுக்கு மேலே தூவினால் ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்கும். ஏலக்காய் போட்ட ரஸ்க் வேண்டாம், கோக்கோவோடு சண்டை போடும்.

எங்கள் காயல்பட்டினத்து வழி வேறு. நோன்பு மாதத்தில் கடற்பாசி (அகர் அகர்) இல்லாத வீடு கிடையாது. ரோஸ் மில்க்கில், இளநீரில் செய்வதைக் காபியில் செய்தேன். 5 கிராம் கடற்பாசியைக் கத்தரித்து அரை லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, நார் ஒன்றுகூடத் தெரியாமல் கரையும் வரை காய்ச்சி, சர்க்கரையும் கெட்டி டிகாஷனும் சேர்த்து வடிகட்டித் தட்டில் ஊற்றினால் மேடையிலேயே உறைந்துவிடும். ஜெலட்டின் மாதிரி நம் வெயிலுக்கு இளகாது. சைவத்துக்கும் ஆகும். சின்னச் சதுரமாக வெட்டி டம்ளர் அடியில் இரண்டு ஸ்பூன் போட்டால், பிஸ்கட் அடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் மென்று தின்ன ஒன்று கிடைக்கும். ஜப்பானில் காபி ஜெல்லி என்று இதே சங்கதியைக் கிரீம் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள்.

சர்க்கரைக்குப் பதில் உடன்குடிக் கருப்பட்டி போட்டும் பார்த்தேன். ருசி அபாரம், டிராமிசு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விட்டது. கருப்பட்டிக் காபியாகவே ஆகிவிட்டது. ஆசைப்படுபவர்கள் சூடான டிகாஷனில் கரைத்து, மண் போக வடிகட்டி, முழுதாக ஆறியபிறகு பாலைச் சேருங்கள். சூட்டில் சேர்த்தால் திரிய வாய்ப்பு உண்டு.


மெரினா காற்று
ஞாயிறு, இரவு 10:15

முடித்துவிட்டேன். யார் யார் சொன்னதை எடுத்தேன், யாரை விட்டேன் என்று சொல்லவேண்டிய கடமை இருக்கிறது.

வெள்ளி இரவு கிரீமைக் காய்ச்சித் துணியில் கட்டினேன். சனி காலை திறந்தால் வெள்ளை வெளேரென்று, வெண்ணெய்க்கும் கெட்டித் தயிருக்கும் நடுவில் ஒரு பதம். இதற்கா அவ்வளவு விலை கொடுக்க இருந்தேன்!

சனி மாலை 60 கிராம் தூள், 300 மில்லி தண்ணீர். பில்டர் சின்னது, இரண்டு தடவையாகப் போட்டேன். 180 மில்லி கிடைத்தது. சூட்டோடு மூன்று ஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு (இது என் சொந்தப் புத்தி, கசப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிறது). ஆறியதும் காய்ச்சி ஆறிய பால் அரை லிட்டர், மில்க்மெய்டு நாலு ஸ்பூன் கலந்து பாட்டிலில் அடைத்து பிரிட்ஜில் வைத்தேன். இரண்டாம் டிகாஷன் ஐஸ் தட்டுக்குப் போனது. கடற்பாசி முதல் ஈடு நார் நாராக இருந்தது, அவசரப்பட்டு இறக்கிவிட்டேன். மறுபடி காய்ச்சியதும் சரியாகிவிட்டது.

இன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அடியில் கடற்பாசி, இரண்டு காபி ஐஸ், பாட்டில் காபி, ஸ்பூன் முதுகில் கஸ்டர்ட் கலந்த கிரீம், மேலே கோக்கோ புழுதி. கிரீம் மேலேயே நின்றது. ஒரு கோடு போட்ட மாதிரி, கீழே காபி, மேலே வெளிர் மஞ்சள். கண்ணாடிக்கு வெளியே வியர்த்து வழிந்தது. நாத்தனார் போன் எடுத்துப் படம் பிடித்துவிட்டுத்தான் குடித்தார். பையன் இரண்டாவது டம்ளர் கேட்டான், காபி என்பதால் கொடுக்கவில்லை, மிச்ச கிரீமும் ரஸ்க்கும் கொடுத்துச் சமாளித்தேன். கஸ்டர்ட் மட்டும் அடுத்த முறை பாதியாகக் குறைப்பேன், வனிலா வாசனை சீஸை முந்திக்கொண்டது.

மாமியார் ஸ்பூனால் கிரீமை வழித்துப் பேரன் டம்ளரில் போட்டார். கடற்பாசியை ஓரம் கட்டினார். காபியை மட்டும் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "பாட்டில்ல மிச்சம் இருக்கா? மேல எதுவும் வேண்டாம்" என்றார்.


டபரா செட்
ஞாயிறு, இரவு 10:19

அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லவும்.


கேக் கடைக்காரி
ஞாயிறு, இரவு 10:31

கிரீமை வழித்துப் போட்டாரா!